கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குக் கால்குலேட்டர் கொடுக்கலாமா? 6, 7, 8-ஆம் வகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்பு முடியப் போகிறது, ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை. மதுரையில் மாநகராட்சிப் பள்ளியானாலும் மெட்ரிக் பள்ளியானாலும், பெற்றோர் கூட்டத்தன்று கணக்கு டீச்சரின் மேசைக்கு முன்னால் பலர் சொல்லும் குறை இதுதான். அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கி வரும்: "டீச்சர், வீட்டுப்பாடத்துக்குக் கால்குலேட்டர் கொடுத்தா தப்பா?"

தப்பில்லை என்பதே என் பதில். ஆனால் எந்தக் கணக்குக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது, எப்போது திரும்ப வாங்கி வைப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு கொடுக்க வேண்டும். தீர்மானிக்காமல் கொடுத்தால் பிள்ளை 6 × 8-க்கும் பொத்தானைத் தேடும். கொடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் வேறொரு நட்டம். வாய்ப்பாடு வராத ஒரே காரணத்தால் சதவீதம், விகிதம், வட்டி, பரப்பளவு என்று மூன்று வருடப் பாடமும் அந்தப் பிள்ளைக்கு எட்டாமல் போய்விடும். பெருக்கலிலேயே மாட்டிக்கொண்டவன், அந்தப் பெருக்கல் எதற்காக வந்தது என்பதைக் கடைசி வரை பார்ப்பதே இல்லை.

இது 6 முதல் 8 வரை படித்துக்கொண்டு கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கான வழிகாட்டி. நன்றாகப் போடுகிற பிள்ளைக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு இதை அப்படியே பின்பற்றவும் வேண்டாம்.

"மூளை மழுங்கிரும்" என்பது எவ்வளவு உண்மை?

பயப்படுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரே ஹெம்ப்ரீ, டொனால்ட் டெசார்ட் என்ற இருவர் 79 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 1986-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான பாடத்தோடு சேர்த்துக் கால்குலேட்டரைப் பயன்படுத்திய பிள்ளைகளின் கைக்கணக்குத் திறன் கெடவில்லை. சராசரி மாணவர்களுக்குக் கொஞ்சம் கூடவே செய்தது. ஒரே விலக்கு நான்காம் வகுப்பு. அந்த வயதில் தொடர்ந்து பயன்படுத்தியது அடிப்படையைப் பாதித்ததாகத் தெரிந்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். எய்மி எலிங்டன் 2003-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கைத்திறன் கெட்டதாக வரவில்லை. பாடத்திலும் தேர்விலும் கருவி இருந்த இடங்களில் பிள்ளைகள் கூடுதலாகவே செய்திருந்தார்கள்.

இவை பெரும்பாலும் அமெரிக்க வகுப்பறைகள். அதைவிட முக்கியம், "வழக்கமான பாடத்தோடு சேர்த்து" என்ற நிபந்தனை. பாடத்துக்குப் பதிலாகக் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வுகள் உத்தரவாதம் தரவில்லை.

அரசாங்கங்களே இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. சிங்கப்பூர் 2009 முதல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் இரண்டாம் கணக்குத் தாளுக்குக் கால்குலேட்டரை அனுமதிக்கிறது. முதல் தாளுக்கு இல்லை. இங்கிலாந்து தன் 11 வயதுப் பிள்ளைகளின் தேசியத் தேர்விலிருந்து 2014-இல் அதை அடியோடு எடுத்துவிட்டது. எனக்குச் சிங்கப்பூர் வழிதான் சரியாகப் படுகிறது. ஒரு தாள் கைக்கு, ஒரு தாள் யோசனைக்கு.

நம் ஊர் நிலவரம் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண் கணக்குத் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. மேல்நிலைக் கணக்குத் தாளிலும் மடக்கை அட்டவணைதான். பிறகு பொறியியல் கல்லூரியில் கால் வைத்த முதல் மாதமே அறிவியல் கால்குலேட்டர் வாங்கச் சொல்வார்கள். நடுநிலைப் பள்ளியில் அதைத் தொட்டால் குற்றம், 18 வயதில் அது இல்லாவிட்டால் குற்றம். ஆகவே நாம் போடும் திட்டத்துக்கு இரண்டு முனையும் வேண்டும்: பிள்ளை கருவியைச் சரியாகக் கையாளவும் வேண்டும், பத்தாம் வகுப்புக்குள் அது இல்லாமல் எழுதவும் வேண்டும்.

முதல் படி: தடுமாற்றம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

"இவனுக்குக் கணக்கே வர மாட்டேங்குது" என்பது நோயின் பெயர் அல்ல. பெருக்கத் தெரியாதது ஒன்று, எப்போது பெருக்க வேண்டும் என்று தெரியாதது வேறொன்று. முதலாவதற்குக் கால்குலேட்டர் உதவும். இரண்டாவதற்கு உதவவே உதவாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இந்தப் பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். இது பரீட்சை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

1. 47 + 86
2. 503 − 178
3. 64 × 7
4. 735 ÷ 7
5. ½ + ⅓
6. 0.3 × 0.2
7. −7 + 3
8. 360-இல் 25 சதவீதம்
9. மல்லிகை கிலோ 640 ரூபாய். கால் கிலோ என்ன விலை?
10. கீழடி அருங்காட்சியகத்துக்கு 130 பிள்ளைகள் போகிறார்கள். ஒரு பேருந்தில் 52 பேர் உட்காரலாம். எத்தனை பேருந்து வேண்டும்?

இரண்டு நாள் கழித்து இதே மாதிரிக் கேள்விகளை எண்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள், இந்த முறை கால்குலேட்டரோடு. பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். தப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நான்காம் கேள்விக்கு 15 என்று எழுதியிருந்தால் பிள்ளைக்கு வகுக்கத் தெரிகிறது, நடுவில் வரும் பூச்சியத்தை விழுங்கிவிடுகிறது. ஐந்தாவதில் 2/5 என்று எழுதியிருந்தால் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. பின்னம் என்பது ஒரே எண் என்று மனத்தில் பதியவில்லை. ஆறாவதில் 0.6 என்றால் தசமத்தில் இடமதிப்பு ஆட்டம் காண்கிறது. இந்த மூன்றும் பாடத்தால்தான் சரியாகும்.

9, 10 கேள்விகள்தான் முக்கியமானவை. கையால் போடும்போது தப்பாகி, கருவியோடு போடும்போது சரியாக வந்தால், மகிழ்ச்சியடையுங்கள். பிள்ளைக்கு விஷயம் புரிகிறது, கை மட்டும் தடுக்குகிறது. இந்த வழிகாட்டி அதிகம் பயன்படப்போவது அந்தப் பிள்ளைக்குத்தான். கருவி இருந்தும் தப்பாக வந்தால், 640-ஐ 250-ஆல் பெருக்கி 1,60,000 என்பது போலக் கூச்சமில்லாமல் எழுதியிருந்தால், கால்குலேட்டரை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கடைக்கு அனுப்பிச் சில்லறை வாங்கிவரச் சொல்வது, கணக்கைப் படமாக வரையச் சொல்வது, "இங்க என்ன நடக்குது, சொல்லு" என்று வாயால் சொல்லவைப்பது. பத்தாம் கேள்விக்கு 2.5 பேருந்து என்று எழுதுகிற பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வகுத்தல் என்று தெரிந்திருக்கிறது, விடையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லை. மூன்றாம் படி அந்தப் பிள்ளைக்கானது.

இரண்டாம் படி: பாடப்புத்தகத்தைப் பிரியுங்கள்

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒரே கேள்வி: இந்தக் கணக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறது? கூட்டல், பெருக்கலைத்தான் என்றால் கருவி வேண்டாம். வேறு எதையோ சொல்லிக்கொடுக்க வந்து, நடுவில் பெருக்கல் குறுக்கிட்டால் கருவி வரலாம். பென்சிலால் பயிற்சி எண்ணுக்கு அருகில் "கை" அல்லது "கரு" என்று எழுதிவிடுங்கள். வாரத் தொடக்கத்தில் ஒருமுறை செய்தால் போதும், தினமும் பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை.

கை என்று போட வேண்டியவை: முழுக்களின் நான்கு செயல்கள், பின்னம், மீ.சி.ம., மீ.பெ.கா., பகா எண்கள், தசமப் பெருக்கல், எட்டாம் வகுப்பில் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் காண்பது, இயற்கணிதம் முழுவதும். இயற்கணிதத்தில் வரும் எண்கள் சிறியவை. 3 × 4-க்குக் கருவியைத் தேடும் நேரத்தில் சிந்தனை அறுந்துவிடும்.

கரு என்று போடக்கூடியவை எனக்கு மிகவும் பிடித்தவை. சராசரி காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது எண்களைக் கையால் கூட்டி வகுக்கும் பிள்ளை, கூட்டி முடிப்பதற்குள் களைத்துப்போய், சராசரி என்றால் என்ன என்று கேட்கும் தெம்பு இல்லாமல் உட்கார்ந்துவிடும். கருவி இருந்தால் கூட்டிவிட்டு, "ஒருத்தன் மட்டும் நூறு எடுத்திருந்தா சராசரி எவ்வளவு ஏறும்?" என்று கேட்கலாம். பாடம் இருப்பது அந்தக் கேள்வியில்.

வட்டிக் கணக்கு அதைவிட நல்ல இடம். நம் பக்கம் வட்டியைப் பேசுவது "நூத்துக்கு ரெண்டு" என்றுதான், அதுவும் மாதத்துக்கு. 5,000 ரூபாய்க்கு மாதம் 100, வருடத்துக்கு 1,200. ஆக ஆண்டு வட்டி 24 சதவீதம். இதுவரை கருவி வேண்டாம். வட்டியைக் கட்டாமல் விட்டு அது முதலோடு சேர்ந்துகொண்டே போனால்? 1.02-ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். கையால் போட்டால் ஒரு சாயங்காலம் போய்விடும். கருவியில் ஒரு நிமிடம்: 1.268 வரும். வருடத்துக்கு 24 அல்ல, ஏறத்தாழ 26.8 சதவீதம். எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டிப் பாடத்தின் உயிரே இதுதான், வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் இதைப் பார்த்துவிட முடியும். வீட்டில் யாராவது வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளை உங்களைவிடக் கவனமாகக் கேட்கும்.

பரப்பளவும் அப்படித்தான். புத்தகத்தில் வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 7, 14, 21 என்று வரும், 22/7-இல் அழகாக அடிபட்டுவிடும். தோட்டத்துக் கிணறு அப்படி இருக்காது. 18 அடி விட்டமுள்ள கிணற்றின் வாய் 3.14 × 9 × 9, அதாவது 254.34 சதுர அடி. 40-க்கு 60 மனை 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் வகுத்தால் ஐந்தரை சென்ட்டுக்கு ஒரு மயிரிழை கூட. ஒத்தக்கடையிலோ திருமங்கலத்திலோ மனை விளம்பரப் பலகையைப் பார்த்து இதைப் போடவைக்கலாம்.

வைகை அணை நீர்மட்டத்தையும் விடாதீர்கள். முழு மட்டம் 71 அடி என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 58.5 அடி என்று செய்தி வந்தால் எத்தனை சதவீதம்? 82.4. ஆனால் அணையில் 82 சதவீதத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அணைப் பள்ளம் கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருப்பதால் உயரத்தின் சதவீதம் வேறு, கொள்ளளவின் சதவீதம் வேறு. பொத்தானைத் தட்டிய பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கருவி சொல்லாத பதில் அது.

எந்தக் கருவி?

கைபேசி வேண்டாம். அதில் கால்குலேட்டருக்கு அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கணக்கைப் படமெடுத்தால் படிப்படியாக விடை எழுதித் தரும் செயலிகளும் இப்போது இருக்கின்றன. கால்குலேட்டரில் எதைப் பெருக்குவது என்று பிள்ளை தீர்மானிக்கிறது. அந்தச் செயலிகளில் அதுவும் இல்லை. அது காப்பியடிப்பதன் இன்னொரு வகை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசித்தான் பாதி விவாதம் குழம்பிப்போகிறது.

கடைக்காரர்கள் மேசையில் வைத்திருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் போதும். அறிவியல் கால்குலேட்டர் பின்னத்தைப் பின்னமாகவே கூட்டிக் காட்டிவிடும், ஆறு ஏழு வகுப்புக்கு அது ஆகாது.

வாங்கி வந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து 2 + 3 × 4 = என்று தட்டுங்கள். சாதாரணக் கருவி 20 என்று காட்டும். கைபேசிச் செயலி 14 என்று காட்டும். 14-தான் சரி, பெருக்கலை முதலில் செய்ய வேண்டும். மேசைக் கருவி வந்த வரிசையிலேயே செய்துகொண்டு போகிறது. "மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை முதல் நாளே உடைவது நல்லது.

அடுத்து 1 ÷ 2 + 1 ÷ 3 =. விடை 0.5 என்று வரும். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மறுபடி அரையா? பிள்ளையே சிரிக்கும். ஏன் என்று தேடவிடுங்கள்: அரையோடு 1-ஐக் கூட்டி, வந்த ஒன்றரையை மூன்றால் வகுத்துவிட்டது. 1 ÷ 2 தட்டி எம் பிளஸ் (M+, விடையை நினைவகத்தில் சேர்க்கும் பொத்தான்), 1 ÷ 3 தட்டி எம் பிளஸ், கடைசியில் நினைவகத்தில் சேர்ந்ததைக் காட்டும் பொத்தான் (MR அல்லது MRC) என்று போனால் 0.8333333 வரும். பிறகு 1 ÷ 3 × 3. எட்டு இலக்கக் கருவி பெரும்பாலும் 0.9999999 என்று நிற்கும். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் முடிவில்லாத் தசமத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது.

சதவீதப் பொத்தான் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அது ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். அதோடு, நூறால் வகுக்கிறோம் என்ற உணர்வையே அழித்துவிடும்.

மூன்றாம் படி: உத்தேசம் எழுதாமல் பொத்தானைத் தொடக் கூடாது

மொத்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு "கரு" கணக்குக்கும் நான்கு வரி. முதல் வரியில் உத்தேச விடை. இரண்டாம் வரியில் கணக்கை எண்ணும் குறியுமாக எழுதுவது. மூன்றாவதில் கருவி காட்டியது. நான்காவதில், இது நியாயமான விடையா என்று ஒரு வரி, அலகோடு.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ 640, இரண்டே முக்கால் கிலோ எடுக்கிறோம். உத்தேசம்: மூன்று கிலோ, அறுநூறு, ஆக 1,800 பக்கம். கணக்கு: 2.75 × 640. கருவி: 1,760. சரி. புள்ளியை விட்டுவிட்டு 275 × 640 என்று தட்டினால் 1,76,000 வரும். உத்தேசம் எழுதிய பிள்ளை உடனே நிமிர்ந்து பார்க்கும், எழுதாத பிள்ளை அப்படியே நோட்டில் ஏற்றிவிடும்.

தெப்பக்குளம் இதற்கு அருமையான இடம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 305 மீட்டருக்கு 290 மீட்டர். உத்தேசமாக முன்னூறுக்கு முன்னூறு, 90,000 சதுர மீட்டர். கருவியில் 88,450. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஹெக்டேர். மாலையில் நடக்கப் போகிறவர்கள் ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்றும் கேட்டு வையுங்கள்.

தொடக்கத்தில் பிள்ளை விடையைக் கண்டுபிடித்துவிட்டு அதைப் பார்த்து உத்தேசத்தை எழுதும். எல்லாப் பிள்ளையும் செய்யும் வேலை அது. திட்ட வேண்டாம். உத்தேசத்தைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், எழுதும் வரை கருவி உங்கள் கையில் இருக்கட்டும். உத்தேசம் தப்பாக இருந்தாலும் அதை அடித்து எழுத விடாதீர்கள். அது தப்பாக இருப்பதற்கு உரிமையுள்ள வரி.

கடைசி வரியில்தான் பேருந்துக் கணக்கு பிழைக்கும். 130 ÷ 52 = 2.5. "அரை பஸ் வருமா?" என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொண்டால் 3 என்று எழுதும்.

நான்காம் படி: கருவி இல்லாத பத்து நிமிடம்

கால்குலேட்டர் கொடுத்த வீட்டில் இது கட்டாயம். தினமும் பத்தே நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். 16-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

சுமையைக் குறைத்துக் காட்டுங்கள். 2 முதல் 9 வரையான வாய்ப்பாட்டில் 64 பெருக்கல்கள். 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்றுதான் என்றால் 36. இரண்டாம் வாய்ப்பாடு, ஐந்தாம் வாய்ப்பாடு பெரும்பாலும் வந்திருக்கும், அவற்றை எடுத்தால் 21. ஒன்பதுக்குப் பத்தால் பெருக்கி ஒருமுறை கழித்தால் போதும், மிச்சம் 15. நான்கு என்றால் இரட்டிப்பை மறுபடி இரட்டிப்பது, அதையும் எடுத்தால் பத்து. 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. அம்புட்டுத்தான். மூன்று வருடமாக மலைபோல் நின்றது இந்தப் பத்துதான் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கும் தெம்பு வரும். ஒரு நாளைக்கு ஒன்று, கலைத்துப்போட்டுக் கேளுங்கள். வரிசையாக ஒப்பிப்பதால் பயன் குறைவு. 7 × 8 கேட்டால் ஏழு ஒண்ணு ஏழு என்று முதலிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கும்.

மனக்கணக்குக்குக் கடைத்தெருவைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கால் கிலோ பூவுக்கு விலை சொல்லும் அக்கா நான்கால் வகுப்பதில்லை. அறுநூத்தி நாப்பதுல பாதி முன்னூத்தி இருபது, அதுல பாதி நூத்தி அறுபது. பாதியின் பாதி. நம் பழைய தலைமுறை அரைக்கால், மாகாணி என்று எட்டிலொன்று, பதினாறிலொன்று வரை இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போயிருக்கிறது. 25 சதவீதம் என்று புத்தகத்தில் வரும்போது இதே வழிதான் என்று காட்டிக்கொடுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையென்றால், 6 முதல் 9 வகுப்புகளில் அடிப்படை விட்டுப்போன பிள்ளைகளுக்காக 2025-இல் தொடங்கிய 'திறன்' என்ற திட்டத்தின் வகுப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கே என்ன நடக்கிறதோ அதையே வீட்டுப் பத்து நிமிடத்திலும் எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் கொஞ்சம் விளையாட்டு

கணக்கு நோட்டைப் பார்த்தாலே வயிறு கலங்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் கருவி விளையாட்டுப் பொருளாகட்டும்.

5 பொத்தான் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு 56-ஐ வரவழைக்கச் சொல்லுங்கள். 7 × 8, 28 + 28, 60 − 4 என்று எத்தனையோ வழி. அடுத்து, 23-ஐ எதால் பெருக்கினால் 1,000-க்கும் 1,100-க்கும் நடுவில் வரும்? பெருக்கி மட்டுமே பார்க்கலாம், வகுக்கக் கூடாது. 44 முதல் 47 வரை எல்லாம் சரி. எத்தனை தட்டலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று அண்ணன் தங்கைக்குள் போட்டி வைக்கலாம். 1 ÷ 7, 2 ÷ 7, 3 ÷ 7 என்று போய்க்கொண்டே தசம இலக்கங்களை எழுதி வைத்தால் 142857 என்ற ஆறு இலக்கங்களும் இடம் மாறி மாறிச் சுற்றுவது தெரியும். 37 × 3, 37 × 6, 37 × 9 என்ன வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

மேசைக் கருவியில் 7, +, பிறகு = மேல் = ஆகத் தட்டினால் ஏழாகக் கூடிக்கொண்டே போகும். சில கருவிகளில் + இரண்டு முறை தட்ட வேண்டும். அடுத்த எண்ணை வாயால் சொன்ன பிறகே தட்டலாம் என்பது விதி. நாலாம் படிக்கு இதுவும் ஒரு உதவி.

ஐந்தாம் படி: திரும்ப வாங்கி வைப்பது

கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். ஒரே நாளில் அவிழ்ப்பதுமில்லை, மீசை முளைக்கும் வரை விட்டுவைப்பதுமில்லை. கால்குலேட்டரையும் அப்படித்தான் தளர்த்த வேண்டும்.

ஆறாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு வரை வீட்டுப்பாடத்துக்குக் கருவியே வேண்டாம். முதல் படிச் சோதனையும் பத்து நிமிடப் பழக்கமும் மட்டும். அதன் பிறகு நடைமுறைக் கணக்குகளுக்குக் கொடுங்கள். ஏழாம் வகுப்பு முழுக்க கை, கரு என்ற பிரிவின்படி போகட்டும். எட்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு முறையை மாற்றுங்கள்: "கரு" என்று குறித்த கணக்கையும் முதலில் கையால் போட்டு, சரிபார்க்க மட்டும் கருவி. தப்பென்று தெரிந்தால் எந்த வரியில் தப்பு என்று பிள்ளையே தேட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒருநாள். பத்தாம் வகுப்பு ஜூன் மாதம் தொடங்கும்போது அது மேசையில் இருக்கக் கூடாது.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து, எந்த வகுப்பானாலும், மாதிரித் தாள்களைக் கருவியில்லாமல் முழு நேரத்துக்கு எழுதிப் பழகட்டும். இதைத் தவறவிடும் வீடுகளில்தான் "கால்குலேட்டராலதான் மார்க் போச்சு" என்ற பேச்சு வருகிறது.

பத்து நிமிடப் பழக்கம் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தும் அந்தப் பத்துப் பெருக்கல்களில் பாதிகூட நிற்கவில்லையென்றால், கருவியைப் பறிப்பதில் பயனில்லை. ஆறாம் படிக்குப் போங்கள்.

ஆறாம் படி: பள்ளியோடு பேசுவது

வீட்டில் கால்குலேட்டர் கொடுப்பதைக் கணக்கு ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். "எந்தப் பயிற்சிக்குக் கொடுக்கிறோம் என்று குறித்து வைத்திருக்கிறோம், பாருங்கள் சார்" என்று நோட்டைக் காட்டுங்கள். உத்தேச வரியைப் பார்த்த பிறகு பெரும்பாலான ஆசிரியர்கள் முகம் சுளிப்பதில்லை. சிலர் வகுப்பிலேயே அதைச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லும் ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் கொடுக்கும் வீட்டுப்பாடம் கையால், உங்கள் கூடுதல் பயிற்சி கருவியால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு இது சோம்பலோ பயிற்சிக் குறைவோ அல்ல. வாசிப்பு நன்றாக இருக்கும், பேச்சு தெளிவாக இருக்கும். ஆனால் ஏழாம் வகுப்பிலும் 8 + 5-க்கு விரலை எண்ணும், 36-ஐ 63 என்று எழுதும், கடிகாரம் பார்க்கத் திணறும், 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு வரும் என்று உத்தேசம்கூடச் சொல்ல வராது. நேற்று வந்தது இன்று வராது. இவை பல வருடமாகத் தொடர்ந்தால் கணிதக் கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்கால்குலியா இருக்க வாய்ப்பு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டிஸ்கால்குலியா அதில் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு நான் மேலே சொன்ன திரும்ப வாங்கும் கணக்கு பொருந்தாது. கண் மங்கியவரிடம் கண்ணாடியை எப்போது கழற்றுவாய் என்று யாரும் கேட்பதில்லை.

சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒன்றியத்துக்கு ஒன்றாக வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து, எந்த அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்று தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது முதல் படியில் எழுதவைத்த இரண்டு தாள்களையும், பழைய கணக்கு நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். "படிக்க மாட்டேங்குறான்" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாள்கள் நிறையச் சொல்லும்.

பொதுத்தேர்வுச் சலுகைகள் தானாக வருவதில்லை. கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ, வேறெதுவோ, மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். கால்குலேட்டர் வேண்டுமென்றால் அதையும் அந்த விண்ணப்பத்தில் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மதிப்பீட்டை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் சான்று கையில் இருக்கும். பத்தாம் வகுப்பு தொடங்கிய மாதமே பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.